வளைவில் விட்டுவந்த கல்

என் வேனில் நல்ல ஹாரன் ஒன்று இருந்தது. அதை அடிக்கும் வாய்ப்புதான் எனக்குக் கிடைக்கவில்லை. முன்னால் போகிற வண்டியை எட்டிப் பிடித்தால்தானே ஹாரனுக்கு வேலை? கச்சிராயபாளையம் ரோட்டில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் மாட்டு வண்டிகளைத் தவிர நான் யாரையும் முந்தியதாக ஞாபகம் இல்லை. ஒருமுறை சைக்கிளில் வந்த ஒருவர் என் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு தன் பங்காளித் தகராறு முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு, "சரி, எனக்கு நேரமாவுது" என்று மிதித்து முன்னால் போய்விட்டார். கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

மூன்று கை மாறி என்னிடம் வந்த வண்டி அது. எந்தக் கம்பெனி செய்தது என்று சொல்ல மாட்டேன். அவர்கள் புதிதாகச் செய்து கொடுத்தபோது நன்றாகத்தான் ஓடியிருக்கும். நான் வாங்கும்போது என்ஜினில் பாதி உயிர்தான் பாக்கி. மேல்பாதிக்கு வெள்ளையும் கீழ்ப்பாதிக்கு நீலமும் நானே பிரஷ்ஷால் அடித்திருந்தேன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அதற்கு 'தேர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "தேரு வருது, ஒதுங்கு" என்பார்கள். பின்னால் வரும் பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, "யோவ் தேரு! வடம் புடிக்க நாலு ஆள எறக்கி வுடட்டா?" என்று கேட்டுவிட்டு என் வண்டியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள்.

நான் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. கண்ணாடிக்குள் உட்கார்ந்துகொண்டு, "போ, போ, உன் மாமியார் வூட்டுல எல போட்டு வச்சிக்கினு காத்திருக்காங்க" என்பேன். அது அவருக்குக் கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கருவாட்டுக்கார அக்காவுக்குக் கேட்கும். அவர் சிரித்தால் எனக்குப் போதும். வேகமாகப் போகிறவர்களைப் பற்றி எனக்கு அப்போது ஒரு தீர்மானமான எண்ணம் இருந்தது. அவர்களுக்குப் பொறுமை இல்லை, பொறுமை இல்லாதவனுக்கு மனசாட்சியும் கம்மி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மெதுவாகப் போவதையே ஒரு நல்ல குணம்போல ஆக்கிக்கொண்டேன். உண்மையில் என் வண்டியால் வேகமாகப் போக முடியாது, அவ்வளவுதான்.

வாரத்தில் ஒருநாள் கரியாலூரில் சந்தை கூடும். உப்பு, வளையல், கருவாடு, துணி என்று கீழேயிருந்து கொண்டுபோய் விற்பவர்களை நான்தான் ஏற்றிக்கொண்டு போவேன். திரும்பும்போது அவர்களோடு மலைக்காரர்களின் கடுக்காய் மூட்டையும் புளியும் சாமையும் இறங்கும். கோமுகி அணையைத் தாண்டினால் ஏற்றம் தொடங்கிவிடும். அங்கிருந்து எங்களுக்கென்று ஒரு முறை இருந்தது.

செங்குத்தான வளைவு வந்தால் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். மூட்டைகள் மட்டும் வண்டியில் வரும், ஆட்கள் குறுக்குத் தடத்தில் ஏறி மேலே போய் நிற்பார்கள். கருவாட்டுக்கார அக்கா மட்டும் வண்டியின் பின்னாலேயே நடந்து வருவார். அவர் கையில் புளியங்கட்டையில் செதுக்கிய ஆப்பு ஒன்று இருக்கும். என்ஜின் மூச்சு வாங்கி நின்றதும் ஓடிவந்து பின்சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார். நான் பிரேக்கை நம்பாமல் அந்தக் கட்டையை நம்பி மறுபடியும் கியர் போட்டு, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை மிதிப்பேன். வண்டி ஒரு முழம் நகர்ந்ததும் அவர் குனிந்து கட்டையை உருவிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகி, ஓடிவந்து பின்படியில் தாவி ஏறிக்கொள்வார். அதற்காக நான் நிறுத்த முடியாது. நிறுத்தினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். படியில் கால் வைத்ததும், "ஏறிட்டேன், போ!" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. பார்க்கக் கண்ணாடியும் இல்லை, அதை ஒரு பஸ்காரர் உரசி உடைத்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த அக்கா உளுந்தூர்பேட்டைப் பக்கம் களமருதூரில் பிறந்து கள்ளக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டவர். கட்டையை எவரிடமும் தரமாட்டார். சந்தை முடிந்ததும் கருவாட்டுக் கூடையின் அடியில் போட்டு வீட்டுக்கே எடுத்துப் போய்விடுவார். "யக்கா, கட்ட வண்டிலயே கெடக்கட்டுமே" என்றால், "உன் வண்டில வச்சா நீ அதையும் தேயவுட்டுருவ" என்பார். அதனால் அந்தக் கட்டையில் எப்போதும் வாளைக்கருவாட்டு வாசனை இருக்கும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. படிப்பில் பங்கு, வேலையில் பங்கு என்று எங்கள் பக்கத்துக் காடு கழனிக்காரர்கள் கேட்டார்கள். டீக்கடையில், சலூனில், கல்யாணப் பந்தியில் எல்லாம் அதே பேச்சு. கேட்பது நியாயம்தானே என்பார்கள் சிலர், அதற்காக வெட்டி ரோட்டில் சாய்க்க மரம் என்ன பாவம் செய்தது என்பார்கள் சிலர். இரண்டு பேச்சுக்கும் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையிலிருந்து ஒரு வாரத்துக்கு மறியல், ஒரு சக்கரமும் ஓடக்கூடாது என்று சொல்லப்பட்ட நாளில்தான் நான் சொல்லவந்த சங்கதி நடந்தது.

அன்று காலை பஸ் ஸ்டாண்டே அலை பாய்ந்துகொண்டிருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குப் புறப்படும் கடலூர் பஸ்தான் கடைசி, அதன் பிறகு எல்லாம் டிப்போவுக்குள் போய்விடும் என்றார்கள். மலைக்குப் போகும் பஸ்ஸைக் காலையிலேயே நிறுத்திவிட்டார்கள். எனக்கும் அன்று சவாரி இல்லை. வண்டியை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் விடலாம் என்று கிளப்பிக்கொண்டிருந்தபோது கடுக்காய்க்காரர் ஓடிவந்தார்.

அவர் மலைக்காரர், கரியாலூருக்குப் பக்கத்து ஊர். மண்டிக்குக் கடுக்காய் கொண்டுவருவார். என் வண்டியில் பலமுறை வந்திருக்கிறார். வந்தால் மூட்டையோடு மூட்டையாகப் பின்னால் உட்கார்ந்துகொள்வார், பேச்சு அதிகம் கிடையாது. மண்டியில் எல்லோரும் அவரை 'வாய்யா, போய்யா' என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

அன்று அவர் கையில் ஒரு கவர் இருந்தது. மலைக்குத் தபால் வந்து சேர நாள் ஆகும் என்று மண்டி விலாசத்தைத்தான் கொடுத்து வைத்திருந்தார். கவர் வந்து நாலு நாள் மண்டி மேசையில் கிடந்திருக்கிறது. அன்று காலை அவர் மூட்டையோடு இறங்கி வந்தபிறகுதான் கணக்குப்பிள்ளை பிரித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்.

"பாப்பாவுக்கு டீச்சர் டிரெய்னிங்குக்கு இண்டர்வியூ வந்துகீதுங்க. நாள மறுநாளு காலைல கடலூர்ல இருக்கணுமாம். பாப்பா வூட்ல கீது. ஆறு மணி பஸ்ஸ வுட்டா நடந்துதாங்க போவணும்."

அவர் ஊரில் பன்னிரண்டாவது வரை படித்த பெண் அது ஒன்றுதான். கீழே ஹாஸ்டலில் தங்கிப் படித்தது எனக்குத் தெரியும். லீவு விட்டால் என் வண்டியில்தான் மலையேறும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணி பத்து. என் வண்டி மேலே போகக் குறைந்தது மூன்று மணி நேரம். இறங்க இரண்டரை மணி நேரம். நடுவில் ஒன்றும் ஆகாமல் இருந்தால் ஆறுக்குள் வந்துவிடலாம். நடுவில் ஒன்றும் ஆகாமல் என் வண்டி அதுவரை ஒருநாளும் போனதில்லை. ஆனாலும் அந்த ஆள் கவரை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபிறகு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஏறுய்யா, சீக்கிரம்" என்றேன்.

ரோட்டில் அன்று நான் பார்த்த அவசரத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எல்லோரும் மறியலுக்கு முன்னால் எங்கேயோ போய்ச் சேர வேண்டியிருந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், உர மூட்டை ஏற்றிய டிராக்டர் என்று ஒவ்வொருவரும் என் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு ஹாரனில் கையை வைத்தால் எடுக்கவில்லை. வழக்கமாக மாமியார் வீட்டு இலையைப் பற்றிச் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்று எனக்கே அவசரம். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தும் வண்டி தன் இஷ்டத்துக்குத்தான் போனது. வண்டி மேல் எனக்குக் கோபம் வந்தது அன்றுதான்.

அணையைத் தாண்டியதும் பின்னால் ஒரு ஜீப் வந்து சேர்ந்தது. காட்டில் மரம் வெட்டும் கூப்பு ஏலம் எடுத்திருந்த கான்ட்ராக்டர் ஒருவரின் ஜீப். அவரே ஓட்டினார், வளைவில் திரும்பும்போது கீழே தெரிந்தது. மலை ரோடு ஒரு வண்டிக்குத்தான் அகலம், முந்த வழியில்லை. வளைவுக்கு வளைவு ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தார். அந்தச் சத்தம் பிடரியில் குத்துவதுபோல இருந்தது.

நாவல் மரம் நிற்கும் வளைவில் வண்டி நின்றுவிட்டது. நின்றதும்தான் ஒன்று ஞாபகம் வந்தது. அக்கா இல்லை. கட்டையும் இல்லை, அது கள்ளக்குறிச்சியில் கருவாட்டுக் கூடைக்கு அடியில் கிடக்கிறது.

"எறங்கி ஒரு கல்லப் பாத்து வைய்யா!" என்று கத்தினேன்.

கடுக்காய்க்காரர் குதித்து இறங்கி, ஓரத்தில் கிடந்த ஒரு கருங்கல்லைப் புரட்டிவந்து சக்கரத்துக்கு அடியில் வைத்தார். ஜீப் ஹாரன் நிற்கவில்லை. நான் கியர் போட்டு மிதித்தேன். மூன்றாவது முயற்சியில் வண்டி நகர்ந்தது. நகர்ந்ததும் எனக்கு ஒரே பயம், அந்த ஆள் வயசானவர், ஏறாமல் விட்டுவிட்டால் மறுபடியும் நிறுத்த வேண்டும். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "வுட்டுட்டு ஓடியாய்யா, ஏறு, ஏறு!" என்று கத்தினேன். அவர் ஓடிவந்து ஏறினார். "ஏறிட்டேங்க" என்று ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் கேட்டால் எல்லாம் முடிந்தது என்று பழகிய காது என்னுடையது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு வளைவு தாண்டி ரோடு கொஞ்சம் அகலமான இடத்தில் ஜீப்புக்கு ஒதுங்கிக் கொடுத்தேன். கான்ட்ராக்டர் என்னைக் கடக்கும்போது, "இத ஓட்டறதுக்கு நடந்து போலாமேய்யா!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கரியாலூர் தாண்டி அவர் ஊரில் போய் நிற்கும்போது மணி ஒன்றரை. அந்தப் பெண் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தது. அப்பா சொன்னதும் முறத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய், ஒரு பையில் துணியையும் சர்டிபிகேட்டுகளையும் எடுத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது. தலை வாரியிருந்தது. எதையும் கேட்கவில்லை. பின்சீட்டில் ஏறி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. தண்ணீர் குடித்து, என்ஜினுக்கும் தண்ணீர் ஊற்றி, அது சூடு தணிந்து கிளம்பும்போது இரண்டே கால்.

இறக்கத்தில் என் வண்டி வேறு வண்டி. எடையே அதை இழுத்துக்கொண்டு போகும். வழக்கமாக நான் இரண்டாவது கியரில் போட்டு அடக்கியே இறக்குவேன். அன்று மூன்றாவதில் விட்டேன். காற்று ஜன்னல் வழியாகச் சீறியது. பின்னால் ஒரு வண்டி வந்தும் என்னைப் பிடிக்க முடியவில்லை. வளைவில் எட்டிப் பார்த்தேன், அதே ஜீப்தான், காட்டு வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தது. அவர் ஹாரன் அடிக்கத் தேவையே இல்லாமல் நான் போய்க்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷமும் என்னைத் தட்டிவிட்டுப் போன கண்டக்டர்கள் எல்லோரும் அந்த நேரம் ரோட்டோரம் நின்று பார்க்க வேண்டும்போல இருந்தது.

நாவல் மரத்து வளைவில் திரும்பியதும் நடு ரோட்டில் கல்.

பிரேக்கை அழுத்தினேன். அது பிடிக்கும் முன்பே முன்சக்கரம் கல்லில் மோதி ஏறி இறங்கியது. வண்டி மலைப்பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மண் திட்டில் முட்டி நின்றது. பள்ளத்துப் பக்கம் இழுத்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். யாருக்கும் காயமில்லை. அந்தப் பெண் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தது. இறங்கிப் பார்த்தேன். டயர் கிழிந்து ரிம்மோடு தொங்கியது. ஸ்டெப்னி மாட்டலாம் என்றால் ஸ்டியரிங் ராடும் வளைந்து, ஒரு சக்கரம் கிழக்கே பார்த்தால் இன்னொன்று தெற்கே பார்த்தது. கீழேயிருந்து மெக்கானிக் வராமல் அது நகராது.

வண்டி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஜீப் வந்து நின்றது. அதன் பின்னால் புளி மூட்டை ஏற்றிய ஒரு லாரியும் இரண்டு மோட்டார் சைக்கிளும் வந்து நின்றன. ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு எல்லோரும் இறங்கி வந்தார்கள். விஷயத்தைப் பார்த்ததும் கோபம் கல்லின் மேல் திரும்பியது.

"எந்தப் பாவிடா கல்ல வச்சிட்டு அப்பிடியே வுட்டுட்டுப் போனவன்?" என்றார் லாரிக்காரர். "இவனுங்களையெல்லாம் வண்டி ஓட்ட வுட்டதே தப்பு."

"கைல கெடச்சான்னா அதே கல்ல அவன் தலையில போடுவேன்" என்றார் கான்ட்ராக்டர்.

நானும் சொன்னேன். "ஆமாங்க, மனசாட்சி இல்லாதவனுங்க" என்றேன். அது என் வாயிலிருந்துதான் வந்தது. கல்லைப் பார்த்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது அது எந்தக் கல் என்று. ஆனாலும் இத்தனை பேர் திட்டும்போது நானும் திட்டினால் என்னை யாரும் நினைக்க மாட்டார்கள் என்று புத்தி வேலை செய்தது. மெதுவாகப் போகிறவன், நிதானமானவன், யாருக்கும் தொல்லை தராதவன் என்று எனக்கிருந்த ஒரே பேரையும் அங்கே போட்டு உடைக்க மனசில்லை.

எல்லோரும் சேர்ந்து வண்டியைத் தூக்கித் தள்ளி ஓரம் கட்டினார்கள். ரோடு திறந்தது. கடுக்காய்க்காரர் கான்ட்ராக்டரிடம் போய் நின்றார். கவரைக் காட்டி, ஆறு மணி பஸ்ஸைச் சொல்லி, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். வேறு வழியே இல்லை. லாரி மெதுவாகத்தான் போகும், மோட்டார் சைக்கிள்களில் இடமில்லை. அந்த ஜீப் போய்விட்டால் அந்தப் பெண்ணின் இண்டர்வியூவும் போய்விடும்.

அவர் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தக் கல்ல வச்சது நாந்தாங்க" என்றார். "காலைல வச்சேன். எடுக்காம ஏறிட்டேன். தப்புதாங்க."

முதலில் லாரிக்காரர் ஆரம்பித்தார், கான்ட்ராக்டர் சேர்ந்துகொண்டார். மலைக்காரனுக்கு ரோடு இன்னா தெரியும், வண்டி இன்னா தெரியும் என்று தொடங்கி, அவருடைய ஆயா வரைக்கும் போனார்கள். அவர் தலை குனிந்து நின்றார். எல்லாம் ஓய்ந்தபிறகுதான் கவரை நீட்டி, "பாப்பாவ மட்டுமாச்சும் பஸ் ஸ்டாண்டுல வுட்டுருங்க" என்று கேட்டார்.

"கல்ல வச்சி ஆளக் கொல்லப் பாத்துட்டு ஜீப்பு வேற கேக்குதா?" என்று கான்ட்ராக்டர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரம் இருக்கும், அவர் எனக்காகத் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு ரிம்மைத் தடவிக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டதும் போய் முன்னால் நின்றேன். "அவர் எடுத்துருப்பாருங்க" என்றேன். "வுட்டுட்டு ஓடியான்னு கத்தினது நானு. ரோட்ல கல்லு கெடந்தா அதுக்கு வண்டிக்காரந்தான் பொறுப்பு. அவுரு இல்ல."

கான்ட்ராக்டர் என்னைப் பார்த்தார். பேச ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை.

"நான் ஏன் கத்தினேன்னா, பின்னால நீங்க ஹாரன் அடிச்சிக்கினே இருந்தீங்க. எனக்குப் பின்னாடியே நீங்கதான் வந்தீங்க. இந்தக் கல்ல நீங்க பாத்துதான இருப்பீங்க? ஒதுக்கி ஓட்டிக்கினு வந்தீங்களே, எறங்கி எடுத்துப் போட்டீங்களா?"

அடி விழும் என்றுதான் நினைத்தேன். லாரிக்காரர்கூட ஒரு அடி பின்னால் போனார். கான்ட்ராக்டர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு என்ஜினை அணைக்காமலேயே இறங்கி, அந்தக் கல்லைக் காலால் நகர்த்திப் பார்த்தார், நகரவில்லை. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் தூக்கிப் போய்ப் பள்ளத்தில் போட்டார். அது மரங்களுக்கு இடையே உருண்டு போவது வெகுநேரம் கேட்டது.

"பொண்ணு முன்னாடி ஒக்காரட்டும்" என்றார் கடுக்காய்க்காரரிடம். "நீ பின்னாடி ஏறு."

அவர்கள் ஏறினார்கள். ஜீப் கிளம்பி முதல் வளைவில் மறைந்தது. ஒவ்வொரு வளைவிலும் அந்த ஹாரன் கேட்டுக்கொண்டே கீழே இறங்கியது. காலையில் என் பிடரியில் குத்திய அதே ஹாரன். இன்னும் அடி, இன்னும் வேகமாகப் போ என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

லாரிக்காரர் கூப்பிட்டும் நான் அவரோடு இறங்கவில்லை. வண்டியை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. மறுநாள் கீழே மரங்கள் விழுந்துவிட்டன. லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பிய மெக்கானிக் அவற்றைத் தாண்டி நடந்தே வந்து சேர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் நாவல் மரத்தடியில் வண்டிக்குள்ளேயே இருந்தேன். பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் களியும் குழம்பும் கொண்டுவந்து கொடுப்பார். ஓடையில் குளிப்பேன். ரோட்டில் ஒரு வண்டி வரவில்லை. என்னை முந்த யாரும் இல்லாத ரோடு எப்படி இருக்கும் என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். இரண்டாம் நாளே சலித்துவிட்டது. பஸ் கிடைத்ததா இல்லையா என்ற ஒன்றைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

மறியல் முடிந்து, ரோட்டிலிருந்து மரங்களை இழுத்துப் போட்டு, மறுபடியும் சந்தை கூடியபோது கடுக்காய்க்காரர் என் வண்டியைத் தேடிக்கொண்டு வந்தார். தோளில் மூட்டை இல்லை. கையில் ஒரு ஆப்புக் கட்டை இருந்தது. வேங்கை மரத்தில் செதுக்கியது, சக்கரத்தின் வளைவுக்குச் சரியாகக் குழித்திருந்தார். அதன் நடுவில் துளை போட்டு மூன்று முழக் கயிறு கோத்திருந்தது.

"கயித்த வண்டிக்குப் பின்னாடி கட்டிடுங்க" என்றார். "வண்டி நவுந்தா கட்டையும் கூடவே வந்துரும். யாரும் எடுக்க வாணாம், யாரும் மறக்கவும் முடியாது."

கருவாட்டுக்கார அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப எனக்கு வேல போச்சா?" என்றார். முகம் சுருங்கிவிட்டது. அன்று முழுக்க என்னிடம் சரியாகப் பேசவில்லை.

"பஸ் கெடச்சிதாங்க?" என்று கடுக்காய்க்காரரைக் கேட்டேன். அவரை 'ங்க' போட்டுப் பேசுகிறேன் என்பது பேசியபிறகுதான் எனக்கே தெரிந்தது.

"கெடச்சிதுங்க. அஞ்சரைக்கே கான்ட்ராக்டரு வுட்டுட்டாரு. மறியல்ல இண்டர்வியூவுக்குப் பாதிப் பேரால வர முடியலையாம், அவங்களுக்கு இன்னொரு நாளு வச்சிக்கீறாங்க." சிரித்தார். "நம்ம அவ்ளோ அவசரப்பட்டுருக்க வாணாம். பாப்பாவுக்கு அன்னிக்கே சீட்டு கெடச்சிட்சிங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கயிற்றை வண்டியில் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். நாலு நாளாக அந்த மரத்தடியில் நான் கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு கேள்வியையும் அப்படியே குனிந்தபடி கேட்டேன்.

"ஜீப்ப வுட்டா வேற வழியில்லன்னு உங்களுக்குத் தெரியும். அப்ப போயி ஏங்க ஒத்துக்கினீங்க? யாரு வச்சான்னு ஒருத்தருக்கும் தெரியாதே. நானே வாய மூடிக்கினுதான நின்னேன்."

அவர் முடிச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

"பாப்பா பின்சீட்டுல ஒக்காந்து பாத்துக்கினு இருந்துச்சிங்க" என்றார். "அது டீச்சராவப் போவுது."